மலையில் கொத்தினால் மடையில் கலங்கும்

பவானிசாகர் அணையின் உயரம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 120 அடி என்பார் ஒருவர். இல்லை, 105 அடி என்பார் இன்னொருவர். இருவர் சொல்லுவதும் சரிதான். மொத்த உயரம் 120 அடி. அதில் அடிப்புறத்து 15 அடியைச் சேற்றுக்கும் சகதிக்கும் என்று கழித்துவிட்டு, மிச்சமுள்ள 105 அடியைத்தான் தண்ணீர்க் கணக்காக எழுதுகிறார்கள். நாள்தோறும் பத்திரிகைகளிலே வருகிற நீர்மட்டம், கீழ்பவானிக் கால்வாயை நம்பி 2,07,000 ஏக்கரில் ஏர் பூட்டுகிறவர்கள் காலையில் எழுந்ததும் தேடிப் பார்க்கிற அந்த எண், சேற்றுக்கு மேலே நிற்கிற தண்ணீரின் எண்.

அணை கட்டுகிறபோதே சேற்றுக்கு இடம் ஒதுக்கினார்கள். 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்த அந்தப் பொறியாளர்கள் புத்திசாலிகள். ஆறு வெறும் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, மண்ணையும் கொண்டுவரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு மண் வரும் என்பதை அணையின் பொறியாளர் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்கிறவர்கள் ஐம்பது மைலுக்கு அப்பால், ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்திலே இருக்கிறார்கள். எந்தச் சரிவில் எதை நடுவது, எந்தக் காட்டை வெட்டுவது, எந்தப் புல்வெளியைத் தோட்டமாக்குவது, எந்த ஓடைக்கரையில் வீடு கட்டுவது என்று அங்கே எடுக்கப்படுகிற முடிவுகள்தான் கீழே மதகிலே வந்து விழுகின்றன. ஆற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். நிலத்தைப் பற்றிப் பேசாமல் ஆற்றைப் பற்றிப் பேச முடியாது என்பதே நமது வாதம்.

பவானி 217 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் நுழைந்து, அங்கே சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் கிழக்கே திரும்பித் தமிழகத்துக்கு வருகிறது. குந்தா ஆறு சேர்கிறது. மேட்டுப்பாளையத்தருகே குன்னூர் ஆறு சேர்கிறது. பவானிசாகரிலே மோயாறு சேர்கிறது. பிறகு கொடிவேரி அணைக்கட்டு, காளிங்கராயன் அணைக்கட்டு, கடைசியில் கூடுதுறையில் காவிரி. இந்த ஒரே ஆற்றிலே காடு உண்டு, தேயிலைத் தோட்டம் உண்டு, காய்கறிச் சரிவு உண்டு, நகரம் உண்டு, ஆலை உண்டு, சாயப்பட்டறை உண்டு, மஞ்சள் காடு உண்டு. நிலத்தை மனிதன் எத்தனை வகையாகப் பயன்படுத்துவானோ அத்தனை வகையும் இதன் கரையிலே இருக்கின்றன. ஆகையால்தான் இந்த ஆற்றை எடுத்துக்கொண்டோம்.

புல்லும் சோலையும்

மழைத்துளி விழுவதிலிருந்து தொடங்குவோம். நீலகிரியின் உச்சியில் பழைய நாளில் இருந்தவை இரண்டு: பள்ளங்களிலே சோலைக்காடு, மேடுகளிலே புல்வெளி. வெள்ளைக்காரன் முதலில் பார்த்தபோது, "புல்தானே, வெறும் தரிசு" என்று நினைத்தான். இன்றைக்கும் பல அதிகாரிகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தத் தரிசுதான் ஆற்றின் தொட்டி. புல்லின் வேர்ப் பின்னலும் அதன் கீழே உள்ள கருமண்ணும் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆடி மழையிலே குடித்ததை மாசி பங்குனியிலே ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விடும். மழை நின்று மூன்று மாதம் ஆனபிறகும் ஓடையிலே தண்ணீர் ஓடுகிறதே, அது மேகத்திலிருந்து வருவதல்ல, மண்ணிலிருந்து வருவது.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். ஆங்கிலக் காய்கறிகள் வந்தன. 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், வந்தது. அந்தக் காலத்திலேயே சீகை என்று மலைமக்கள் அழைக்கிற வாட்டில் மரமும் வந்தது. ஊட்டிக்கும் வெலிங்டனுக்கும் அடுப்பெரிக்க விறகு வேண்டும் என்பது முதல் காரணம். பிறகு தேயிலை, சின்கோனா, காப்பி. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஐந்தாண்டுத் திட்டங்கள் இந்த வேலையைக் குறைக்கவில்லை, கூட்டின. மரக்கூழ் வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று சொல்லி, ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளியிலே சர்க்காரே கற்பூரமும் சீகையும் நட்டது. "காடு வளர்ப்பு" என்று அதற்குப் பெயர். புல்வெளியை அழித்து மரம் நட்டுவிட்டு அதைக் காடு வளர்ப்பு என்றார்கள்!

மரம் நட்டால் மழை வரும், ஆறு பெருகும் என்று பள்ளிக்கூடத்திலே படித்தவர்கள் நாம். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உதகமண்டலத்து மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனிலே பக்கத்துப் பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகள் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை அப்படியே விட்டார்கள். மற்றொன்றிலே கற்பூர மரம் நட்டார்கள். இரண்டின் ஓடைகளிலும் வந்த தண்ணீரை 1970-களில் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட பள்ளத்தாக்கிலே முதல் பத்தாண்டில் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றிலே இன்னும் அதிகமாகக் குறைந்தது. கோடையிலே ஓட வேண்டிய தண்ணீரைத்தான் மரம் குடித்தது என்பதுதான் இதிலே கவனிக்க வேண்டிய சங்கதி. மழைக்காலத்து வெள்ளம் குறைந்தால் யாரும் அழப்போவதில்லை.

தண்ணீர் குறைவது ஒரு பாதி. தண்ணீர் கெடுவது மறு பாதி.

மண் கரைகிற கதை

கேத்தி பாலாடா, நஞ்சநாடு, எமரால்டு பக்கத்துச் சரிவுகளைப் பாருங்கள். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மண்ணைக் கொத்திப் புரட்டுகிற பயிர்கள். கிழங்கு எடுப்பது என்றாலே மண்ணைத் தோண்டி எடுப்பதுதானே! தேயிலைச் செடி வளர்ந்து மூடிவிட்டால் மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும். கிழங்குக் காடு பிடித்துக்கொள்ளாது. சரிவுக்குக் குறுக்கே படிப்படியாகத் தட்டு வெட்டிப் பயிர் செய்தால் இழப்பு மிகவும் குறையும். மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு வாய்க்காலாகிவிடும். இது விவசாயிக்குத் தெரியாததா? தெரியும். தட்டு வெட்டக் கூலி யார் கொடுப்பது? குத்தகைக்கு எடுத்தவன், அடுத்த வருடம் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்றே தெரியாதவன், இன்னொருவர் நிலத்திலே கல் அடுக்கித் தட்டு வெட்டுவானா? இந்தக் கேள்வியைக் கேட்காமல், "மலை விவசாயிகள் மண்ணைக் கெடுக்கிறார்கள்" என்று மேடையிலே பேசுகிறவர்களை நாம் நம்புவதில்லை.

1961-ல் உருளைக்கிழங்கு வேரிலே நூற்புழு இருப்பது நீலகிரியிலே கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கொல்ல மண்ணிலே விஷமருந்து போட்டார்கள். மருந்து மண்ணோடு ஒட்டியது. மண் மழையோடு ஓடியது. யூரியாவும் அப்படித்தான். வயலிலே போட்டது அத்தனையும் பயிருக்குப் போவதில்லை. மிச்சம் ஓடைக்குப் போகிறது. கேரட்டைப் பிடுங்கி, விடியுமுன் ஓடைத் தண்ணீரிலே இயந்திரத்தில் போட்டுக் கழுவி, பளபளவென்று மூட்டை கட்டி லாரி ஏற்றுகிறார்கள். சந்தையிலே சுத்தமான கேரட்டுக்கு விலை அதிகம். அந்தக் கேரட்டின் மண் எங்கே போயிற்று என்று சந்தையிலே கேட்பாரில்லை.

இனி மீனிடம் போவோம்.

பவானியின் மீன்களைப் பற்றி உலகமே அறியும். பிரான்சிஸ் டே என்ற ஆங்கில மருத்துவர், 1870-களிலே இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், நீலகிரியின் அடிவாரத்துப் பவானியிலிருந்து எடுத்த மீன்களுக்கு முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் வைத்தார். ஒரு சிறு கெண்டையின் பெயரே "போவானிகஸ்". ஆற்றின் பெயர் மீனுக்கு! சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த எச்.எஸ்.தாமஸ் என்பவர் 1873-ல் தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மகசீர் என்கிற பெருங்கெண்டையைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரத் துரைகள் தென்னாட்டு ஆறுகளுக்கு வந்தார்கள். 1946-ல் கபினியிலே பிடிபட்ட ஒரு மகசீரின் எடை 120 பவுண்டு. ஒரு மனிதன் எடை! காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழ்ந்த திமில் மகசீர் அது. அந்த இனத்துக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்பதே 2018 வரை தீரவில்லை. மோயாற்றிலே எடுத்த மீன்களை வைத்துத்தான் அந்த வழக்கு தீர்ந்தது. தீர்ந்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலிலே அதையும் எழுதினார்கள். பெயர் தெரிந்தபோது ஆள் சாகக் கிடக்கிறார். இன்று அந்த மீனுக்கு எஞ்சியிருக்கிற சில புகலிடங்களிலே முதுமலைக் காட்டின் ஓரமாக, யாரும் உழாத, யாரும் கட்டடம் கட்டாத பள்ளத்தாக்கிலே ஓடுகிற மோயாறு ஒன்று. காடு இருக்கிற கரையிலே அந்த மீன் இருக்கிறது. இது தற்செயல் அல்ல.

ஏன் என்று கேட்பீர்கள். மீனுக்கு வேண்டியவை மூன்று: மூச்சு, தீனி, முட்டையிட இடம். மூன்றையும் கரையிலுள்ள நிலம்தான் தருகிறது.

கரையிலே மரம் இருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். வெப்பம் 20 டிகிரி இருக்கிற தண்ணீர் ஒரு லிட்டரிலே சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். அதே தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் ஏழரைதான். மரத்தை வெட்டிய கரையிலே ஆறு மீனின் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறது. அதன் மேலே யூரியா வந்து சேர்ந்தால், பாசி செழிக்கும். பாசி பகலிலே பிராணவாயுவை வெளிவிடும். இரவிலே அதுவே வாங்கிக்கொள்ளும். செத்து அழுகும்போது இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். சாக்கடையும் கலந்தால் கேட்க வேண்டியதில்லை. மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையிலே என்பதற்கு இதுதான் காரணம். விஷம் போட்டுவிட்டான் எவனோ என்று மீனவர் திட்டுவார். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும்; பல வேளைகளில் மீன் மூச்சுத் திணறியே செத்திருக்கும்.

மலையாற்று மீன்களில் பல கூழாங்கல் படுகையிலே முட்டையிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலே உள்ள சந்திலே முட்டை தங்கும்; சந்து வழியாகத் தண்ணீர் ஓடும்; முட்டை மூச்சுவிடும். மேலே இருந்து வருகிற வண்டல் அந்தச் சந்தை அடைத்தால்? முட்டை சேற்றிலே புதைந்து அழுகிப்போகும். பெரிய மீன் செத்து மிதந்தால் ஊர் கூடிப் பார்க்கும், பத்திரிகைக்காரர் படமெடுப்பார், அதிகாரி பாட்டிலிலே தண்ணீர் பிடித்துப் போவார். ஆயிரக்கணக்கான முட்டைகள் சேற்றுக்கு அடியிலே செத்தால் யார் பார்ப்பது? எந்த ஆலை மீது வழக்குப் போடுவது? அதே சந்துகளிலேதான் மீனுக்குத் தீனியான பூச்சிப் புழுக்களும் வாழ்கின்றன. சந்து அடைத்தால் அவையும் இல்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல ஓடையிலே கல்லின் அடியிலே சிறு புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கெட்ட ஓடையிலே வழவழவென்ற சேறும், சாக்கடையிலும் பிழைக்கிற சிவப்புப் புழுவும்தான். இதற்குப் பரிசோதனைக் கூடம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

மரக்கூழும் மனிதனும்

மலையிலே சர்க்கார் நட்ட கற்பூரத்தையும் சீகையையும் என்ன செய்தார்கள்? அதிலே ஒரு பங்கு சிறுமுகைக்கு வந்தது. பவானியின் கரையிலே, மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு நூல் எடுக்கிற விஸ்கோஸ் ஆலை 1950-களின் இறுதியிலே எழுந்தது. மலையின் புல்வெளியை அழித்து நட்ட மரம், அதே மலையிலிருந்து இறங்குகிற ஆற்றின் கரையிலே கூழாகி, கழிவாகி, அதே ஆற்றிலே கலந்து, கீழே பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குப் போயிற்று. ஒரே ஆற்றுக்கு மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி! 1990-களிலே மீன் செத்து மிதந்தது, விவசாயிகள் எழுந்தார்கள், வழக்குகள் நடந்தன, இந்த நூற்றாண்டு பிறந்த வேளையிலே ஆலை மூடப்பட்டது.

ஆறு பிழைத்தது. ஆலைத் தொழிலாளி?

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்தன. சேர வேண்டிய நிலுவைக்காக ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். கழிவைச் சுத்தம் செய்யாமல் விட்டது தொழிலாளியா? மரத்தை மலிவு விலைக்கு வாங்கியது தொழிலாளியா? இலாபம் வந்த வருடங்களிலே சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்காதது தொழிலாளியா? இல்லை. ஆனால் கணக்குத் தீர்க்கிற நாளிலே முதலிலே தண்டனை பெற்றவர் அவர்தான். அதனால்தான் இன்றைக்கும், சாயப்பட்டறைப் பக்கம் போய் ஆற்றைப் பற்றிப் பேசினால், "மீனுக்காக என் பிழைப்பைக் கெடுக்க வந்தாயா?" என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலே கோபம் மட்டும் அல்ல, அனுபவமும் இருக்கிறது. அதை அலட்சியம் செய்கிறவன் தொழிலாளர் நடுவிலே நின்று பேச முடியாது.

ஆனால் பதிலும் உண்டு. மீன் வேறு, பிழைப்பு வேறு அல்ல. பவானிசாகரிலே பரிசல் ஓட்டி வலை வீசுகிற மீனவனும் தொழிலாளிதான். மீன்வளர்ச்சிக் கழகம் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற கூலிக்கு உழைக்கிறவன். ஈரோட்டின் மஞ்சள் காட்டிலே களையெடுக்கிற பெண்ணும் தொழிலாளிதான். காளிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டிலே வெட்டியது, 56 மைல் நீளம், நேராக ஓடாமல் பாம்புபோல வளைந்து வளைந்து ஓடுகிறது. ஈரோட்டை ஒட்டிப் போகிற இடத்திலே தோல் தொழிற்சாலையும் சாயப்பட்டறையும் அதன் கரையை எடுத்துக்கொண்டன. கழிவு வாய்க்காலிலே விழக்கூடாது என்று பக்கத்திலேயே "பேபி கால்வாய்" என்று இன்னொரு சிறு கால்வாய் வெட்டினார்கள். கழிவை நிறுத்த முடியவில்லை, ஆகையால் கழிவுக்கும் ஒரு வாய்க்கால்! எழுநூறு ஆண்டு முந்தியவர் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினார். நாம் சாக்கடைக்கு வெட்டினோம். பட்டறையிலே சாயம் முக்குகிற தொழிலாளியின் வீட்டுக் குழாயிலே வருவது எந்த ஆற்றுத் தண்ணீர்? அவர் குழந்தை குடிப்பது எது?

ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தருகிற புதிய தொழிற்சாலைகள் வரக்கூடாது என்று 1989-லேயே தமிழக அரசு ஆணை போட்டது. நல்ல ஆணை. நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் ஆற்றைக் காப்பது என்று ஒப்புக்கொண்ட ஆணை. ஆனால் அதற்கு முன்பே வந்துவிட்டவை எத்தனை, ஆணைக்குப் பின்னும் அனுமதியில்லாமல் இரவிலே ஓடியவை எத்தனை!

தோட்டமா, காடா?

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும், அது நமக்குச் சங்கடமான கணக்கு என்றாலும். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மக்களைக் கேட்டுப் போட்ட கையெழுத்து அல்ல. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காக 1968-ல் நீலகிரியிலே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னால் அதுவே டான்டீ என்கிற கழகமாயிற்று. நாலாயிரம் ஹெக்டேருக்கும் மேல் தேயிலை. அந்த நிலம் எது? பெரும்பாலும் காடு. காட்டை வெட்டித்தான் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள்.

தவறா? வீடிழந்து நாடிழந்து கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை தந்ததைத் தவறு என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. ஆனால் சரிவிலே வெட்டிய காடு, யாருக்காக வெட்டினாலும், ஆற்றுக்கு ஒன்றுதான். மழை வேறுபாடு பார்ப்பதில்லை.

இப்போது சக்கரம் திரும்புகிறது. கழகம் நஷ்டத்திலே ஓடுகிறது என்று சொல்லி, சுமார் 2,150 ஹெக்டேர் தேயிலை நிலத்தை வனத்துறைக்கே திருப்பி ஒப்படைக்க 2022-ல் அரசு முடிவு செய்தது. ஆற்றுக்கு நல்ல செய்தி. யானைக்கும் நல்ல செய்தி. அரை நூற்றாண்டு கொழுந்து பறித்து முதுகு வளைந்த பெண்ணுக்கு? லயத்திலே பிறந்து, வேறு வீடு எங்கும் இல்லாத குடும்பத்துக்கு? தோட்டத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடியதிலே வியப்பு என்ன? "காட்டைத் திருப்பிக் கொடு" என்கிற குரலும் "வேலையைப் பறிக்காதே" என்கிற குரலும் ஒன்றையொன்று எதிர்க்க வேண்டியதில்லை. தேயிலை இருந்த சரிவிலே மறுபடியும் சோலையை வளர்ப்பது சும்மா நடந்துவிடாது. உண்ணிச்செடியும் சீகையும் ஒரே மழையிலே மூடிக்கொள்ளும். அவற்றைப் பிடுங்க ஆள் வேண்டும். நாற்று வளர்க்க ஆள் வேண்டும். ஓடைக்கரையிலே நட ஆள் வேண்டும். பத்தாண்டு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்தச் சரிவை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் யார்? அதே தொழிலாளர்கள்தானே! அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கு 2022-ல் அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டிருக்கிறது. அந்த வேலையைக் குத்தகைதாரரிடம் விட்டு, அவர் இயந்திரத்தோடு வந்து மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, மண்ணைத் திறந்து போட்டுவிட்டுப் போவதா, அல்லது மாதச் சம்பளமும் குடியிருப்பு உரிமையும் தந்து தோட்டத் தொழிலாளரிடமே ஒப்படைப்பதா? அரசாங்கம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

தாமதிக்க நேரமும் இல்லை. 2009 நவம்பரிலே நீலகிரியிலே நூற்றுக்கணக்கான இடங்களிலே மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டு 8-ம் தேதியில் அவலாஞ்சியிலே ஒரே நாளில் பெய்தது 82 சென்டிமீட்டர்! பல ஊர்களிலே ஒரு வருடம் முழுவதும் பெய்கிற மழை அது. அத்தகைய மழை திறந்து கிடக்கிற சரிவிலே விழுந்தால் அங்கே மீதி என்ன இருக்கும்? அந்த மண் நேரே போய்ப் பில்லூரிலே தங்குகிறது. கோவை நகரம் குடிப்பது பில்லூர்த் தண்ணீர். பில்லூரிலே தூர் வார வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுகிறார்கள். வாரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. மேலே கொத்துகிறவனுக்குத் தட்டு வெட்டப் பணம் கொடுக்காமல், கீழே சேறு வார மட்டும் கோடிக்கணக்கிலே ஒப்பந்தம் விடுவது என்ன கணக்கு? ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அது நல்ல கணக்கு.

நகரங்களின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சல்லிவன் 1820-களிலே உண்டாக்கிய ஊட்டி ஏரியிலே ஆகாயத்தாமரையும் சாக்கடையும். குன்னூரின் கழிவு குன்னூர் ஆற்றிலே. மேட்டுப்பாளையத்தின் கழிவு பவானியிலே. அதே மேட்டுப்பாளையத்துப் பவானியிலிருந்துதான் திருப்பூருக்குக் குழாய் போகிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறார்கள். ஓடைக்கரையிலே அவர்களுக்காக எழுந்த கட்டடம் தங்கிவிடுகிறது. மலைப்பகுதியிலே கட்டடம் கட்ட விதிகள் 1990-களிலிருந்தே உண்டு. விதியை மீறிக் கட்டியவர் யாரும் ஏழையல்ல என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

புதிதாக ஒன்று. 2024 ஆகஸ்டிலே அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கியது. மூன்று தலைமுறைப் போராட்டத்தின் பலன். பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து எடுத்து, மேட்டிலே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். வறண்ட குளத்திலே தண்ணீர் ஏறியதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட பெரியவர்கள் உண்டு. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் குழாய் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துப் போகாது. ஆற்றிலே உள்ளது எதுவோ அதுதான் 1,045 குளத்திலும் இறங்கும். ஆறாவது வருடத்துக்கு வருடம் வெள்ளத்திலே கழுவிக்கொள்ளும். குளம் எங்கே போய்க் கழுவிக்கொள்ளும்? முன்பு மலைச்சரிவின் குற்றத்தைப் பவானிக்கரை மட்டும் சுமந்தது. இனி அவிநாசியும் பெருந்துறையும் அன்னூரும் சுமக்கும். ஆகவே அந்த ஊர்த் தோழர்களுக்கும் கேத்தியின் கேரட் வயலிலே பாத்தி எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கேட்க உரிமை வந்துவிட்டது. உரிமையோடு கடமையும்: தட்டு வெட்டுகிற கூலிக்கு அரசு பணம் தரவேண்டும் என்று மலை விவசாயி கேட்கும்போது, சமவெளி விவசாயியும் கூட நின்று கேட்க வேண்டும்.

மே முதல் நாள் நமக்குத் தொழிலாளர் நாள். தமிழகத்திலே அன்றைக்குத்தான் கிராம சபையும் கூடுகிறது. காலையிலே கொடியேற்றிவிட்டுக் கலைந்துபோகாமல், கிராம சபைக்கும் போவோம். பவானியின் கரையிலும் அதன் கிளை ஓடைகளின் கரையிலும் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் நான்கு தீர்மானங்கள் எழுதி வையுங்கள். ஓடையின் இரு கரையிலும் உழாமல், கட்டாமல் ஒரு பட்டை நிலம் விட வேண்டும். அதனால் வருமானம் இழக்கிற சிறு விவசாயிக்கு ஆண்டுதோறும் ஈடு தர வேண்டும். சரிவு நிலத்திலே தட்டு வெட்டும் வேலையை நூறு நாள் வேலைக்காரர்களைக் கொண்டு, குத்தகை நிலத்திலும் சேர்த்து, செய்ய வேண்டும். கேரட் கழுவுகிற இடங்களிலே மண் தங்குவதற்குத் தொட்டி கட்ட வேண்டும். பணம் இயந்திரத்தின் சொந்தக்காரருடையது. பவானி, குன்னூர் ஆறு, காளிங்கராயன் மூன்றிலும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதந்தோறும் ஊராட்சிப் பலகையிலே தமிழிலே எழுதி ஒட்ட வேண்டும். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் அடுத்த கூட்டத்திலே அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பார்கள்.